அப்பா வீட்டில் இருந்த 11 மாதம்

எனக்கு இப்போது 21 வயது. இந்த 21 வருஷத்தில் அப்பா சேர்ந்தாற்போல வீட்டில் இருந்தது 11 மாதம். 2020 மார்ச் கடைசியிலிருந்து 2021 பெப்ரவரி வரை. தீபாவளிக்கு நாலு நாள், சித்திரை வருஷத்துக்கு மூணு நாள், யாராவது செத்துப்போனா ஒரு நாள் என்று வந்துபோகிற மனிதரைத்தான் அதுவரைக்கும் எனக்குத் தெரியும்.

போன வாரம் கெம்பஸில் ஒரு பேச்சு வந்தது. ஒரு நண்பியின் அப்பா வங்கி வேலையை விட்டுவிட்டாராம். அடுத்த வேலைக்குப் போக முன்னம் ஆறு மாதம் வீட்டில் இருக்கிறாராம். சமைக்கிறாராம், கிட்டார் பழகுகிறாராம். எல்லாருக்கும் அது ரொம்பப் பிடித்துப்போனது. எனக்கும்தான். ஆனால் நான் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் பேசாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டம். அம்மா கொழுந்து எடுக்கிறாங்க. அப்பா பத்து வருஷமாகக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து போடுகிறவர். 2020 மார்ச் 20ஆம் திகதி நாடு முழுக்க ஊரடங்கு போட்டதும் கடையை மூடிவிட்டார்கள். முதலாளி 2000 ரூபாவைக் கையில் கொடுத்து, "திறந்தா கூப்பிடுறேன்" என்றாராம். நுவரெலியாவுக்குத் திரும்புகிற ஒரு மரக்கறி லொறியில் ஏறி ஹட்டனில் இறங்கி, மிச்சத்தை நடந்தே வந்து சேர்ந்தார். கடை பிறகு திறந்தது. கூப்பிடத்தான் இல்லை.

லயத்தில் இருக்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னால் அடுப்படி. விடிந்தால் எல்லாரும் மலைக்குப் போய்விடுவார்கள், ராத்திரி வந்து படுத்தால் போதும் என்று நினைத்துத் துரைமார் கட்டிய வீடு அது. பகல் பதினொரு மணிக்கு ஒரு ஆம்பிளை வீட்டில் இருப்பான் என்று அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. அப்பா எங்கே உட்கார்ந்தாலும் யாருக்காவது இடைஞ்சல். இஸ்தோப்பில் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் "என்னா அண்ணே, இன்னும் போகலியா?" என்று கேட்பார்கள். முதல் மாதம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஊரடங்கு என்றாலும் தோட்டம் மூடவில்லை. அம்மா வழக்கம்போல நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போனாங்க. அப்பா எட்டு மணிக்கு எழும்பினார். நேராகச் சொல்கிறேன்: அப்பா வீட்டுக்கு வந்ததால் அம்மாவுக்கு ஒரு வேலையும் குறையவில்லை. எனக்குக் கூடியது. பகல் சோறு ஒரு தட்டு அதிகம், தேத்தண்ணி மூணு தரம் அதிகம். கொழும்பில் ஒரு ராத்திரிக்கு நூறு பேருக்குச் சமைத்த மனிதர், வீட்டில் அடுப்புப் பக்கம் வரவில்லை. கடையில் சமைத்தால் சம்பளம், வீட்டில் சமைத்தால் வெட்கம்! மூன்றாவது மாதம் அம்மா கையில் கொழுந்துக் கூடையோடு வாசலில் நின்று, "பீலியில தண்ணியாவது புடிச்சி வைக்கலாம்ல" என்று ஒரே ஒரு தரம் சொன்னாங்க. அடுத்த நாள் இருட்டோடு போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரும் பார்க்கக்கூடாது என்று. ஒக்டோபர் மாதமளவில் வெளிச்சத்திலும் போனார். கறியும் வைத்தார். அம்மா வைப்பதைவிட நல்லாவே இருந்தது, அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இனி காசு. 2019இல் போட்ட கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் ஒரு நாளைக்கு 700 ரூபா. கிலோ குறைந்தால் அரைப்பேர். மாதம் 18 பேர் விழுந்தால் 12,600. அதில் முற்பணம், சங்கச் சந்தா, கோயில் காசு எல்லாம் வெட்டிவிட்டுத்தான் கைக்கு வரும். அப்பா கொழும்பிலிருந்து மாதா மாதம் அனுப்பிய 20,000 நின்றுபோனபோது நாலு பேர் அந்த மிச்சத்தில் சாப்பிட்டோம். 1000 ரூபா மார்ச் முதலாம் திகதியிலிருந்து வரும் என்று அரசாங்கம் சொல்லியிருந்த வருஷமும் அதுதான். அப்பா தோட்டத்தில் வேலை கேட்டுப் பார்த்தார். புதிதாகப் பேர் பதியவில்லை, கவ்வாத்து மலையில் கொந்தரப்புக்குச் சில நாள் கூப்பிட்டார்கள். லயத்துக்குப் பின்னால் போஞ்சி போட்டார். பாதியைப் பன்றி தின்றது.

இதையெல்லாம் கொரோனா தலையில் போட்டுவிடுவது சுகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2020 மே மாதத்தில் தொழில் அமைச்சு, முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். வேலை கொடுக்க முடியாமல் வீட்டில் இருக்கவைக்கப்பட்டவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அல்லது 14,500 ரூபா, இரண்டில் எது கூடவோ அது. பிரித்தானியாவில் அதே காலத்தில் 80 வீதம் வரை அரசாங்கமே கொடுத்தது. அதோடு பார்த்தால் 14,500 சின்னக் காசு. எங்கள் வீட்டுக்கு அது அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிடப் பெரிது. ஆனால் அதைக் கேட்க முதலில் நீங்கள் வேலை செய்தீர்கள் என்று ஒரு துண்டுக் கடுதாசியாவது வேண்டும். அப்பாவிடம் நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சிட்டை இல்லை. ஈ.பி.எப். இல்லை. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்தாலும் ஈ.பி.எப். கட்ட வேண்டும், முதலாளி 12 வீதம், வேலையாள் 8 வீதம். அந்தச் சட்டம் 1958இல் வந்தது. அப்பா பிறக்கவே இல்லை அப்போது. பத்து வருஷம் கொத்து போட்ட மனிதர் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே நின்றதே இல்லை.

நிவாரணம் கேட்டுப் போன இடத்தில் வேறு கதை. அம்மா செக்ரோலில் இருக்கிறதால் உங்கள் வீட்டுக்கு வருமானம் இருக்கு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் லயத்தில் 12 வீடு. ஏழு வீட்டில் யாராவது ஒருத்தர் கொழும்பில், கடையிலோ வீட்டு வேலையிலோ. 1000 ரூபாவுக்காகச் சங்கங்கள் சத்தம் போட்டது சரிதான், போடத்தான் வேண்டும். ஆனால் பாதி அடுப்பு எரிவது கொழும்புக் காசில். அந்தப் பிள்ளைகளுக்குக் கடிதம் எங்கே, ஈ.பி.எப். எங்கே என்று ஒரு மேடையிலும் கேட்டு என் காதில் விழவில்லை. வேலை நிற்கிற அன்றைக்கு அந்தச் சுமையை யார் தூக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு 700 ரூபாய்க்கு மலை ஏறிய ஒரு பெண்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்த 11 மாதம் எனக்கு நல்ல காலம். பள்ளிக்கூடம் மூடியிருந்தது, டீச்சர்மார் வட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார்கள், வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட் போன் அப்பாவுடையது. அவருக்கு வேலை போகாவிட்டால் அந்தப் போனும் கொழும்பில் இருந்திருக்கும். சிக்னல் கோயில் மேட்டில்தான் வரும். நான் பாடம் இறக்கி எழுதி முடிக்கும்வரை அப்பா பக்கத்துக் கல்லில் குடையோடு உட்கார்ந்திருப்பார். அங்கேதான் அவர் ஆறாம் வகுப்போடு நின்ற கதை, முதன்முதலில் கொழும்பு போய்க் கடை மேசைக்குக் கீழே படுத்த கதை எல்லாம் கேட்டேன். அம்மா அரைவயிறாகச் சாப்பிட்ட மாதங்களில் எனக்கு அப்பா கிடைத்தார். இதைச் சந்தோஷம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லையென்று சொல்லவும் வரவில்லை.

2021 பெப்ரவரியில் வேறொரு கடையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மார்ச் முதலாம் திகதி எனக்கு ஓ.எல். பரீட்சை. போனை என்னிடம் விட்டுவிட்டு, பழைய பட்டன் போன் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அதே மாதம் 1000 ரூபா வர்த்தமானியும் வந்தது.

இப்போது தம்பி ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸ் வரும்வரை கொழும்பில் ஒரு உடுப்புக் கடையில் நிற்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அப்பா அவனுக்குப் போன் எடுத்து, சாப்பிட்டியா என்றுகூடக் கேட்காமல், "லெட்டர் குடுத்தாங்களா?" என்றார்.

"பாத்து செய்யலாம்னு சொன்னாங்கப்பா" என்றான் தம்பி.

"நாளைக்கும் கேளு" என்றார் அப்பா.