சேர்த்து வைப்பது குழந்தையின் வேலையா?

கொல்கத்தாவின் அலிப்பூரில் தேசிய நூலகமும் மாவட்ட நீதிமன்றமும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் விவாகரத்து வழக்குகள் இந்த நீதிமன்றத்துக்கு வருகின்றன. நூலகத்துக்கோ, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி வந்தாக வேண்டும். தமிழுக்கும் அங்கே நல்ல இடம் உண்டு. வையாபுரிப் பிள்ளை சேர்த்த நூல்கள் அங்கேதான் இருக்கின்றன. லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாகத் தமிழர் வாழும் ஊர் அது. வாய்தா நாளில் அம்மாவோடு கோர்ட்டுக்கு வரும் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு, அவள் நிலைமையைப் பேசும் கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுக்க நினைத்தால் எதைக் கொடுப்பது? சட்டென்று நாவில் வரும் பெயர் ஒன்றும் இல்லை.

பெரியவர்களின் பிரிவைப் பேசிப் பிள்ளைகளை மறக்கும் கதை அலிப்பூருக்குப் புதிதல்ல. 1769இல் மதராஸுக்குப் புறப்பட்ட கப்பலில், பின்னாளில் கவர்னர் ஜெனரலான வாரன் ஹேஸ்டிங்ஸ், இம்ஹாஃப் என்ற ஜெர்மானியரின் மனைவி மரியானைச் சந்தித்தார். ஜெர்மனியில் விவாகரத்து கிடைத்தபின் 1777இல் கல்கத்தாவில் ஹேஸ்டிங்ஸுக்கும் மரியானுக்கும் திருமணம். அவர்கள் வாழ்ந்த வீடு அலிப்பூரில் இன்றும் ஹேஸ்டிங்ஸ் ஹவுஸ் என்றே அழைக்கப்படுகிறது. மரியானுக்கு முதல் கணவர் மூலம் இரண்டு மகன்கள். ஹேஸ்டிங்ஸைப் பற்றி மெக்காலே 1841இல் எழுதிய நெடுங்கட்டுரையில் அந்தக் காதலும் கணவரோடு நடந்த பேரமும் விரிவாக வருகின்றன. பிள்ளைகளைத் தத்தெடுத்துக்கொள்வதாக ஏற்பாடு என்ற செய்தி மட்டும் ஒரு வாக்கியத்தின் வாலில் தொங்குகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவாகரத்தானவர்கள் சுமார் 13.6 லட்சம் பேர். கோர்ட் வாசல் ஏறாமலே பிரிந்து வாழ்பவர்கள் அதைப்போல் இரண்டரை மடங்கு. இவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் என்ன கதை சொல்லியிருக்கிறது?

சொல்லியிருக்கிறது, திரையில். 1965இல் ஏ.வி.எம். எடுத்த ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தில் பிரிந்த பெற்றோரின் இரட்டைப் பெண்களாகக் குட்டி பத்மினி நடித்தார். ஆள் மாறாட்டம் செய்து அப்பாவையும் அம்மாவையும் அந்தக் குழந்தைகள் சேர்த்து வைக்கிறார்கள். மூலம், ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் 1949இல் எழுதிய சிறுவர் நாவல். அதில் அவர் கதையை நிறுத்திவிட்டு ஒரு விஷயம் பேசுவார்: பெற்றோர் பிரிந்ததால் துன்பப்படும் குழந்தைகள் உண்டு, பிரியாமல் இருப்பதால் துன்பப்படும் குழந்தைகளும் உண்டு என்று. கதை நாடு நாடாகப் பயணம் போனபோது இரட்டையரின் தந்திரம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பேச்சு வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்தும் நாம் அதே இடத்தில்தான் நின்றோம். ஆன் ஃபைன் 1987இல் எழுதிய ‘மேடம் டவுட்ஃபயர்’ நாவலில் பெற்றோர் மறுபடி சேர்வதில்லை. பிள்ளைகள் இரண்டு வீட்டுக்கும் போய்வரப் பழகுகிறார்கள். 1993இல் வந்த ஹாலிவுட் படமும் அந்த முடிவைக் கைவிடவில்லை. 1996இல் அதே கதை தமிழில் ‘அவ்வை சண்முகி’யாக வந்தபோது முடிவு மாறியது. கணவனும் மனைவியும் சேர்ந்துவிட்டார்கள். தியேட்டரில் எல்லோருக்கும் மனசு நிறைந்தது. வீட்டில் அப்பா இல்லாமல் அந்தப் படத்தைப் பார்த்த குழந்தைக்கு மட்டும் ஒரு கேள்வி மிஞ்சியிருக்கும்: என்னால் ஏன் முடியவில்லை?

நம் கதைகளின் பெரிய குறை இதுதான். பெரியவர்கள் முறித்ததை ஒட்டவைக்கும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் கட்டுகின்றன. சாமர்த்தியசாலிக் குழந்தை பெற்றோரைச் சேர்த்துவிடும் என்றால், சேராத பெற்றோரின் குழந்தை தோற்றுப்போனதாகத்தானே ஆகும்?

ஜூடி ப்ளூம் 1972இல் இந்தக் கற்பனையை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார். ‘இட்ஸ் நாட் தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’ நாவலின் கேரன், ஒவ்வொரு நாளுக்கும் நோட்டில் மதிப்பெண் போடுகிற பெண். பள்ளிக்காக வைக்கிங்குகளைப் பற்றி ஒரு மாதிரிக் காட்சி செய்கிறாள். அதைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் ஒரே அறையில் நின்றால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறாள். வந்து நிற்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். பார்த்துப் பார்த்துச் செய்ததை அவளே உடைக்கிறாள். திட்டம் தோற்கிறது, கேரன் தோற்கவில்லை. ஜாக்குலின் வில்சனின் ‘தி சூட்கேஸ் கிட்’ 1992இல் வந்தது. ஒரு வாரம் அம்மா வீடு, மறுவாரம் அப்பா வீடு என்று அலையும் ஆண்ட்ரியாவுக்கு இரண்டு இடத்திலும் சொந்தமாக ஓர் அறை கிடையாது. சட்டைப்பையில் அடங்கும் பொம்மை முயல் ஒன்றுதான் கூடவே போகிறது. அங்கேயும் பெற்றோர் சேர்வதில்லை.

இந்தியாவில் இதை யாரும் எழுதவில்லை என்று சொல்ல முடியாது. கொல்கத்தாவில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்த மன்னு பண்டாரி 1971இல் இந்தியில் ‘ஆப்கா பண்டி’ எழுதினார். பண்டியின் அம்மா கல்லூரி முதல்வர், அப்பா கொல்கத்தாவில். இருவரும் வேறு மணம் செய்துகொள்ள, இரண்டு வீட்டிலும் ஒட்டாத பையன் கடைசியில் விடுதிக்கு அனுப்பப்படுகிறான். அதைப் படமாக்கியவர்கள் கதையைச் சிதைத்துவிட்டார்கள் என்று பண்டாரி டெல்லி உயர் நீதிமன்றம் போனதும், 1986இல் வந்த தீர்ப்பு எழுத்தாளரின் தார்மிக உரிமைக்கு முன்னுதாரணமானதும் தெரிந்த சேதி. மிக நல்ல நாவல். ஆனால் பெற்றோரின் மனசாட்சியை உலுக்க எழுதியது. பண்டியின் வயதுப் பிள்ளை கையில் அதைக் கொடுத்தால் இன்னும் பயந்துபோவாள்.

குழந்தைக் கதையில் இதெல்லாம் எதற்கு, பிஞ்சு மனசு கெட்டுவிடாதா என்பவர்கள் உண்டு. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ அவர்களுக்குப் பதில். பாலியல் சீண்டலுக்கு ஆளான சிறுமியைப் பற்றிய அந்தச் சிறுவர் நாவலுக்கு 2020இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது கிடைத்தது. அந்தப் பேச்சையே தாங்கிய தமிழ்ச் சிறுவர் இலக்கியம் விவாகரத்தைத் தாங்காதா? கோர்ட்டில் அலையும் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாத ரகசியம் எதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்கப்போவதில்லை. சமையலறையில் தாழ்ந்த குரலில் நடப்பதை அவள் முன்பே கேட்டுவிட்டாள்.

எழுத விஷயத்துக்கா பஞ்சம்? தீபாவளி யார் வீட்டில் என்ற இழுபறி. ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்று வகுப்பில் எல்லோர் முன்னும் வரும் கேள்வி. ‘நீ யார் பக்கம்?’ என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் அத்தை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, கேட்டதெல்லாம் வாங்கித் தந்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் அப்பா. அவரைக் கெட்டவராகக் காட்டாமலும், அம்மாவைத் தெய்வமாக்காமலும் எழுத வேண்டும். கடைசி அத்தியாயத்தில் இருவரையும் சேர்த்து வைக்கவும் கூடாது.

குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் இருக்க 1984ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்கிறது. சென்னையிலோ மதுரையிலோ ஓர் ஆலோசகரின் மேசையில் அப்படி நாலைந்து தமிழ்ப் புத்தகங்கள் இருக்கட்டும். பெரியவர்களை உள்ளே கூப்பிடும் நேரத்தில், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பிள்ளையிடம் ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம். படித்து முடிக்காவிட்டால் வீட்டுக்கே எடுத்துப்போகவும் விடலாம்.