மலை விளிம்பில் தரையிறங்கும் விமானங்கள்

நேபாளத்தின் லுக்லா விமான நிலையத்தில் 2008 ஒக்டோபர் 8 ஆம் திகதி காலை தரையிறங்க முற்பட்ட ருவின் ஒட்டர் ரக சிறிய விமானமொன்று ஓடுபாதையின் விளிம்பில் மோதித் தீப்பற்றியதில், அதிலிருந்த 19 பேரில் 18 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 12 பேர் ஜேர்மனியர். உயிர் தப்பியவர் தலைமை விமானி மாத்திரமே. 2017 மே மாதத்தில் பொருட்களை ஏற்றிச் சென்ற மற்றொரு விமானம் அதே ஓடுபாதையை எட்டாமலேயே வீழ்ந்து விமானிகள் இருவர் பலியாகினர். இரு தடவைகளும் ஓடுபாதையை மேகம் மறைத்திருந்தது.

எவரெஸ்ட் சிகரத்தை நாடிச் செல்வோரின் நுழைவாயிலான லுக்லா, சுமார் 2,850 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது. ஓடுபாதையின் நீளம் 527 மீற்றர் மட்டுமே. அதுவும் சமதரையன்று, ஏறத்தாழ 12 சதவீதச் சரிவுடையது. ஒரு முனையில் மலைச்சுவர், மறு முனையில் பள்ளத்தாக்கு. மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கியே புறப்பட வேண்டும். தரையை நெருங்கிய விமானி, பிழைத்துவிட்டதென்று மீண்டும் மேலெழுந்து சுற்றிவர அங்கு இடமில்லை. கருவிகளின் வழிகாட்டலில் இறங்கும் வசதியும் இல்லாததால் கண்ணால் பார்த்தே இறங்க வேண்டியுள்ளது.

இத்தகைய விபத்துகளின் பின்னர் விமானியின் தவறே காரணம் என்று முடிவுகட்டுவது இலகுவானது. அது முழு உண்மையாகாது என்பதே எமது கருத்தாகும். மேகம் சூழ்ந்த வேளையில் விமானத்தைப் புறப்பட அனுமதித்தது யார்? பயணிகள் காத்திருக்க, பிற்பகலில் காற்றும் மேகமும் வலுக்குமுன் இயன்றவரை பயணங்களை முடித்துவிட வேண்டுமென்ற நெருக்குதலைக் கட்டுப்படுத்த வேண்டியது யார்?

அந்தப் பொறுப்பு நேபாள சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையைச் சார்ந்தது. ஆனால் விமான நிலையங்களை நடத்துவதும் அதே சபைதான். நடத்துபவரே கண்காணிப்பவராகவும் இருக்கும்போது குறைகளை எவர் சுட்டிக்காட்டுவார்? இவ்விரு பணிகளையும் பிரிக்க வேண்டுமென்று பல காலமாக வலியுறுத்தப்பட்டு வந்தபோதிலும், அதற்கான சட்டமூலங்கள் நாடாளுமன்றத்தில் தேங்கிக் கிடந்தன.

ஆபத்தானதெனில் மூடிவிடலாமே எனச் சிலர் கூறக்கூடும். அங்கு வாழும் ஷெர்பா மக்களின் நிலையை அறிந்தோர் அவ்வாறு கூறமாட்டார்கள். பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைக்கும் வேண்டிய பொருட்களைக் கொண்டுவருவதற்காக 1964 இல் எட்மண்ட் ஹிலாரி கிராமத்தவர்களின் உழைப்புடன் அமைத்த மண் ஓடுபாதையே அது. 2001 இலேயே தார் இடப்பட்டது. (அதே ஹிலாரியின் மனைவியும் மகளும் 1975 இல், அவர் வைத்தியசாலை அமைத்துக்கொண்டிருந்த பப்லுவுக்குச் செல்லவென காத்மண்டுவில் புறப்பட்ட சிறிய விமானம் வீழ்ந்தே உயிரிழந்தனர்.) உல்லாசப் பயணி விரும்பினால் பயணத்தைக் கைவிடலாம். அவசர நோயாளிக்கு அந்தத் தெரிவில்லை. நடந்து செல்வதானால் நாட்கணக்காகும்.

2013 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் நேபாள விமான நிறுவனங்கள் அனைத்தையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. பத்தாண்டுகள் கடந்தும் அத்தடை நீடித்தது. எனினும் அது ஐரோப்பிய வானில் அந்நிறுவனங்கள் பறப்பதைத் தடுப்பதாகும். லுக்லாவில் இறங்கும் விமானத்தில் அமர்ந்திருக்கும் ஜேர்மனியரையோ, அவரருகில் அரிசி மூட்டையுடன் ஊர் திரும்பும் ஷெர்பாப் பெண்ணையோ அது பாதுகாக்காது. அதிகாரசபையைப் பிரிக்கும் சட்டத்தை நிறைவேற்ற வேண்டியவர்கள் காத்மண்டுவிலேயே இருக்கின்றனர்.