கண்மாய்க்குத் தண்ணீர் ஏறியதா?

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, "ஐயா, இன்னைக்குச் செய்தி வல்லமையா இருந்துச்சு" என்பார்கள். கேட்கச் சுகமாக இருக்கும். எதை வல்லமை என்கிறீர்கள் என்று விசாரித்தால், குரல் உயர்ந்த இடத்தையும் கீபோர்டு கூடவே ஏறிய இடத்தையும்தான் சொல்வார்கள்.

வல்லமை எது என்று யோசிக்கும்போது, நம் பகுதியில் ஊழியம் செய்தவர்களில் தாமஸ் ராக்லாந்தை மறக்க முடியாது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து 1841-இல் நான்காம் இடம் பெற்றவர்; பின்னர் சென்னையில் சி.எம்.எஸ். என்ற மிஷனரி சங்கத்தின் செயலாளர். அந்த நாற்காலியை விட்டுவிட்டு 1854-இல் ஃபென், மெடோஸ் என்ற இரு தோழர்களோடு வட திருநெல்வேலிக்கு வந்தார். கூடாரமே வீடு. ஒருமுறை பேசிய ஊருக்கே மறுபடி மறுபடி போனார்கள். தெற்கத்திச் சபைகளின் உபதேசியார்களும் முறைவைத்து வந்து கூட நின்றார்கள். 1858 அக்டோபரில், 43 வயதில், ராக்லாந்து சிவகாசியில் இறந்தார். பெரிய அறுவடையை அவர் கண்ணால் காணவில்லை. நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியின் வழிதான் நிச்சயமான வழி என்று எழுதியவர், அப்படியே வாழ்ந்தும் போனார்.

அவரிடம் பிரசங்கிகளான நாம் கற்க வேண்டியது, கேட்பவரின் வெயிலில் நின்று பேசுவது. ராஜபாளையத்தில் இரவு ஷிப்ட் முடித்து நேரே ஆலயத்துக்கு வரும் பஞ்சாலைப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். பாடல் முடியுமுன் கண் சொருகுகிறது. 'இளைப்பாறுதல்' என்ற சொல்லை அவருக்கு முன் எப்படிச் சொல்வீர்கள்? அவர் வீட்டுத் திண்ணையில் ஒருநாள் உட்கார்ந்தவர் அந்தச் சொல்லை அவசரமாகக் கடக்கமாட்டார். தூங்குகிறவரை மேடையிலிருந்து கண்டிக்கவும் மாட்டார்.

ஆகவே தோழர்களே, வசனத்தைச் சனி இரவில் தேடாதீர்கள். திங்களன்றே எடுங்கள். முதலில் அது உங்களைக் கண்டிக்கட்டும். முழங்காலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். பிறகு அதைச் சுமந்துகொண்டு நாலு வீடு ஏறி இறங்குங்கள். ஆவியானவர் தருகிற வல்லமையை நாம் தயாரிக்க முடியாது. அதை வழிமறிக்காமல் இருக்க முடியும்.

மழைக்காலத்தில் அய்யனார் கோவில் ஆறு இரைச்சலோடு இறங்கும். பார்க்கப் போகிறவர்கள் இரைச்சலை ரசிப்பார்கள். கீழே வயல் வைத்திருப்பவர் கேட்பது ஒன்றுதான்: கண்மாய்க்குத் தண்ணீர் ஏறியதா? வாசலில் கிடைக்கும் பாராட்டை வாங்கிக்கொள்வோம். வியாழக்கிழமை அந்தப் பஞ்சாலைப் பெண்ணின் வீட்டுக்குப் போய், ஞாயிறு கேட்டதில் எது மிச்சமிருக்கிறது என்றும் விசாரிப்போம்.