மேய்ச்சல் நிலத்துக்கும் ஓய்வு வேண்டும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் கோரிமேட்டைத் தாண்டியதும் ஓர் எல்லை வருகிறது. 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி வரையில் அது பிரெஞ்சு ஆட்சிக்கும் இந்திய ஆட்சிக்கும் நடுவே இருந்த எல்லை. இன்று புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள எல்லை. மனிதர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயம். செம்மறியாட்டுக்கு ஆட்சி எதுவானால் என்ன? அதற்கு வேண்டியது புல். அந்தப் புல் இந்த மேட்டை விட்டு ஏன் போயிற்று என்பதை நேயர்களுடன் சேர்ந்து கொஞ்சம் யோசிக்க விரும்புகிறோம்.

கோரிமேட்டுக்கு வடக்கே வானூர்ப் பக்கம் பரந்து கிடப்பது செம்மண் மேட்டு நிலம். மழைக்குக் குறைவில்லை, வருஷத்தில் சுமார் 50 அங்குலம். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். 1968-ல் ஆரோவில் நகரத்துக்கு அடிகோலியபோது அங்கே மரமும் புல்லும் அருகிப்போய், மழைநீர் அறுத்த பள்ளங்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தன. விறகுக்கு மரத்தை வெட்டினார்கள். மறுபடி துளிர்த்ததை ஆடும் மாடும் தின்றன. வந்து குடியேறியவர்கள் வரப்புப் போட்டு நீரைத் தேக்கி, கால்நடை நுழையாமல் காவல் செய்து, லட்சக்கணக்கான மரங்களை வளர்த்தார்கள். இதைக் கண்டு, ஆடுதான் நிலத்தின் சத்துரு என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது சுலபம். அந்தத் தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

ஏனெனில், காங்கேயம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் பெய்யும் மழை இங்கே பெய்வதில் பாதிதான். இருந்தும் பழையகோட்டைப் பட்டக்காரர்கள் பேணி வளர்த்த காங்கேயம் மாடுகளும், மேச்சேரி ஆடுகளும் தலைமுறை தலைமுறையாக அந்த வறண்ட சீமையில்தான் மேய்கின்றன. அங்குள்ள குடியானவர்கள் தங்கள் மானாவாரி நிலத்தில் ஒரு பகுதியை மேய்ச்சலுக்கென்றே விட்டுவிடுகிறார்கள். அதற்குக் கொறங்காடு என்று பெயர். தரையில் கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரம். சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவைப் போத்தை மழைக்கு முன் நட்டுவிட்டால் அது உயிர் வேலியாகிவிடும். கம்பிக்குக் கொடுக்கும் பணம் மிச்சம். கோடையில் புல் காயும்போது வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். எல்லாவற்றிலும் முக்கியமானது, நிலத்தைப் பல அடைப்புகளாகப் பிரித்திருப்பது. ஓர் அடைப்பில் புல் குறைந்ததும் மந்தை அடுத்ததற்குப் போகிறது. மேய்ந்த இடம் இளைப்பாறுகிறது.

இந்த இளைப்பாறுதலில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடிபட்ட புல், வேரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் புதுத் தழை விடுகிறது. அந்தத் தழை வளர்ந்து வேருக்குக் கடனைத் திருப்பிக் கொடுக்குமுன் மறுபடியும் கடித்தால் வேர் குறுகும். மூன்றாம் தடவை, நான்காம் தடவை கடித்தால் புல் செத்துப்போகும். பிறகு ஆடு தொடாத முள்ளும் பூண்டுந்தான் மிஞ்சும். வெறுந்தரையில் விழும் மழை உள்ளே இறங்காமல் மண்ணை வாரிக்கொண்டு ஓடும். ஆகவே கெடுதல் செய்வது ஆட்டின் வாயன்று. அவகாசம் கொடாத மேய்ப்பு.

ஓய்வினால் மந்தைக்கும் லாபம் உண்டு. செம்மறியின் இரத்தத்தைக் குடிக்கும் குடற்புழுவின் முட்டை புழுக்கையோடு தரையில் விழுந்து, ஒரு வாரத்துக்குள் குஞ்சு பொரித்து, ஈரப் புல்லின் மேல் ஏறிக் காத்திருக்கிறது. பனி உலர்ந்த பிறகே பட்டியைத் திறக்க வேண்டும் என்ற நம் கோனார்களின் வழக்கத்தில் எவ்வளவு விவேகம் இருக்கிறது பாருங்கள்! மாட்டின் புழுக்களும் ஆட்டின் புழுக்களும் பெரும்பாலும் வேறு வேறு. ஆகையால் மாடு மேய்ந்த இடத்தில் பின்னால் ஆட்டை விட்டால் புழுவின் தொல்லை குறையும். மாடு நாக்கால் சுற்றி இழுத்த உயரப் புல் போக, அடியில் நிற்பது ஆட்டுக்கு உதவும். இருந்தாலும் ஒட்டக் கொறிக்க விடலாகாது. முதல் மழைக்குப் பின் இளம் புல்லை ஆவலாகத் தின்னும் ஆடுகளைத் துள்ளுமாரி என்னும் நோய் திடீரென்று அடித்துப் போடுவதுண்டு. தடுப்பூசியை மழைக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும்.

இப்போதெல்லாம் மரப் பரண் கட்டி, தீனியை விலைக்கு வாங்கிப் போட்டால் பணம் குவியும் என்று விளம்பரம் செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு ஈரம் நீக்கின கணக்கில் சுமார் ஒரு கிலோ தீனி வேண்டும். நூறு ஆட்டுக்கு வருஷத்தில் 36 டன். இதை விலைக்கு வாங்கினால் லாபம் யாருக்கு என்று விளம்பரக்காரர் சொல்வதில்லை.

ஆனால் வேலி போடு என்று சொல்வது நிலமுள்ளவருக்குச் சொல்லும் யோசனை. இந்தப் பக்கத்துச் சிவப்புச் செம்மறியை ஓட்டித் திரியும் பலருக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. அறுவடையான வயலில் அவர்கள் கிடை போடுவார்கள்; புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு, நெல்லோ பணமோ கிடைக்காரருக்கு. ஆட்டெருவில் நூற்றுக்கு மூன்று பங்கு தழைச்சத்து இருக்கிறது. அந்த வருஷப் பயிருக்கே பலனும் தெரியும். இரண்டு பேருக்கும் நஷ்டமில்லாத இந்த ஏற்பாடு நகரத்தை ஒட்டிய ஊர்களில் வயலோடு வயலாக மறைந்துவருகிறது. மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கச் சுருங்க, மீதியுள்ள துண்டு நிலத்தில் எல்லா மந்தையும் ஒரே சமயத்தில் இறங்குகிறது. அங்கே புல்லுக்கு அவகாசம் ஏது?

நமது அபிப்பிராயம் இதுதான்: எஞ்சிய புறம்போக்கை ஊரார் மூன்று பங்காகப் பிரிக்கட்டும். மழைக்காலத்தில் ஒரு பங்கை, புல் பூத்து விதை சிந்தும் வரையில் அடைத்து வைக்கட்டும். அடுத்த வருஷம் மற்றொரு பங்கு. எந்தப் பங்கை எப்போது திறப்பது என்பதைத் தீர்மானிக்கும் கூட்டத்தில், நிலமில்லாத கிடைக்காரருக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும். அடைப்பைக் காப்பவரும் உடைப்பவரும் அவராகத்தான் இருக்க முடியும். அவருடைய சம்மதமில்லாமல் நடும் கிளுவை ஒரு மழைக்குக் கூடத் தாங்காது.