கல்பாக்கத்தில் வேறு கம்பெனி ஏன் வரல? 5 கி.மீ. விதியால் தவிக்கும் கிராமங்கள்

கல்பாக்கம்: செங்கல்பட்டு மாவட்டத்தில் மறைமலைநகர், மகேந்திரா சிட்டி என்று திரும்பின பக்கமெல்லாம் கம்பெனி. ஆள் ஏற்றும் பஸ்கள் விடிகாலையிலேயே ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் கடற்கரை ஓரம் கல்பாக்கத்துக்கு வந்தால் கதையே வேறு. வேலை என்றால் அணுமின் நிலையம், அதைச் சேர்ந்த ஆராய்ச்சிக் கூடங்கள். அதை விட்டால் மீன்பிடி, கடை, ஆட்டோ.

40 வருஷத்துக்கு மேல் மின்சாரம் கொடுத்த ஊரில் ஒரு பெரிய பாக்டரி கூட முளைக்காதது ஏன்?

காரணம் விதியில் இருக்கிறது. அணு உலையைச் சுற்றி குறிப்பிட்ட தூரத்துக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. அதைத் தாண்டி 5 கி.மீ. வரை கட்டுப்பாடு. இருக்கிற ஜனங்கள் இருக்கலாம், குடும்பம் பெருகலாம். ஆனால் வெளியில் இருந்து ஆட்களைக் கூட்டி வரும் தொழிற்சாலையோ, பெரிய குடியிருப்புத் திட்டமோ கூடாது. விபத்து என்று ஒன்று வந்தால் ஜனங்களைச் சீக்கிரம் வெளியேற்ற வேண்டுமே! புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் எல்லாம் உலைக்குக் கிட்டத்திலேயே இருக்கும் ஊர்கள்.

சுனாமி கற்றுத் தந்தது

விதியைத் தப்பு என்று தூக்கிப் போட முடியாது. 2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தபோது கடல் தண்ணீர் பம்ப் ஹவுசுக்குள் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த 2-வது உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். கதிர்வீச்சுக் கசிவு இல்லை. ஒரு வாரத்தில் உலை மறுபடி ஓடியது. அடி வாங்கியது கரையோரக் குப்பங்களும் ஊழியர் குடியிருப்பும்தான். அங்கே பல உயிர்கள் போயின.

ஆக, பாதுகாப்பு முக்கியம். ஆனா அதுக்கான விலையை யார் கொடுக்கிறது? கரண்ட் ஊர் ஊராகப் போகிறது, கட்டுப்பாடு மட்டும் இந்தக் கிராமங்களுக்கு!

டச்சுக் கம்பெனி காலத்திலும்...

ஒரே கம்பெனியை நம்பிய அனுபவம் இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை. 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி, மஸ்லின் துணியைக் கப்பலில் ஏற்றினார்கள். 1824 ஒப்பந்தத்தில் இந்தியாவில் இருந்த டச்சு இடங்கள் எல்லாம் ஆங்கிலேயர் கைக்குப் போயின. இன்று மிச்சம் இருப்பது இடிந்த கோட்டையும், எழுத்து பொறித்த கல்லறைகளும்தான்.

இப்போதைய நிலவரமும் யோசிக்க வைக்கிறது. 220 மெகாவாட் கொண்ட முதல் உலை 2018 ஜனவரியில் நின்றது. நாள் கணக்கில் அல்ல, வருஷக் கணக்கில் ஓடவில்லை. 500 மெகாவாட் ஈனுலை வேலை 2004-ல் தொடங்கியது. 2010-ல் முடியும் என்றார்கள். உலையின் மையப் பகுதியை நிரப்பும் பணியே 2024 மார்ச் 4-ந்தேதிதான், பிரதமர் மோடி முன்னிலையில் தொடங்கியது. இழுத்த அத்தனை வருஷமும் கொத்தனார், வெல்டர், சென்ட்ரிங் ஆட்களுக்குக் கூலி கிடைத்தது என்பது வேறு விஷயம். கட்டி முடித்த உலைக்குள் அவர்களுக்கு என்ன வேலை?

வேறு தொழில் வரக்கூடாது என்று தடுக்கிற அரசு, உள்ளே இருக்கிற வேலையிலாவது இந்த 5 கி.மீ. பிள்ளைகளுக்கு முதல் இடம் தர வேண்டாமா? ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு உலை வேலைக்கு ஏற்ற பயிற்சி கொடுத்தால் விதி ஒன்றும் உடையாது. அவன் ஏற்கனவே அந்த ஊர்க்காரன், ஜனத்தொகையில் ஒருத்தர் கூடப் போவதில்லை.