அந்த நாலு விரல் யாருடையது?

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். படிக்காமல் கட்டைவிரல் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏன் சொல்கிறேன் என்பது பாதியில் புரியும்.

போன வாரம் என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. 1996ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகள். இப்போது எல்லோருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. அடுத்த மாதம் பள்ளியில் ஒன்றுகூடப் போகிறார்கள். அதற்காக அந்த வருடத்துக் குரூப் போட்டோவை வைத்து ‘டிஜிட்டல் ஸ்கிராப் புக்’ பக்கம் ஒன்றை ஒருவன் தயார் செய்திருந்தான். இது முதல் பக்கம், இன்னும் 20 பக்கம் வரும், அச்சடித்து ஆளுக்கு ஒரு ஆல்பம் என்று கீழே குறிப்பு.

பார்த்தேன். தங்க பிரேம். நாலு மூலையிலும் ரோஜா. ரெண்டு பட்டாம்பூச்சி. பின்னால் பனி மூடிய மலை. எங்கள் ஊரில் ஒரு குன்றுகூடக் கிடையாது. மேலே வளைந்து வளைந்து ‘ஸ்வீட் மெமரீஸ்’. பிள்ளைகள் 34 பேரும் பவுடர் டப்பாவில் விழுந்து எழுந்தமாதிரி வெளுத்திருந்தார்கள். சரி, ஆசையாகச் செய்திருக்கிறான் என்று நினைத்தபடியே விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில் கடைசியாக நிற்கிற பையனின் தோளில் நாலு விரல் இருந்தது. விரல் மட்டும். கை இல்லை. கைக்கு உரிய ஆளும் இல்லை. ஆள் நின்ற இடத்தில் வேப்பமரம் வளர்ந்திருந்தது.

அந்தப் பையனும் (இன்று சொந்தமாக லாரி ஓட்டுகிறான்) கவனித்திருக்கிறான். “டேய், என் தோள்ல யாருடா கை?” என்று கேட்டிருந்தான். “பேய்டா” என்று ஒருவன் பதில் போட, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

பேய் இல்லை. அது எங்கள் சத்துணவு ஆயா.

1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, சில வருடங்கள் கழித்து எங்கள் பள்ளிக்குச் சமையலுக்கு வந்தவர். விறகு அடுப்பு. மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்திருக்கும். வாங்கியது சொற்பச் சம்பளம். அந்தப் பையன் ஒரு இடத்தில் நிற்கமாட்டான். போட்டோக்காரர் ரெண்டு முறை அதட்டியும் ஆடிக்கொண்டே இருந்தான். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஆயா வந்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த கையோடு அவரும் படத்தில் விழுந்தார். படம் ஆடாமல் வந்ததற்கே காரணம் அந்தக் கைதான்.

செய்தவனைப் போனில் கூப்பிட்டேன். பயந்துவிட்டான். “டீச்சர், வேணும்னு பண்ணல டீச்சர். ஓரமா பாதி கட்டாகி நின்னுச்சு, பிரேம்ல உட்காரல. போன்லயே வட்டம் போட்டா அழிஞ்சிருது டீச்சர்.” நம் பக்கம் பெண்களை ‘நின்னுச்சு, வந்துச்சு’ என்று சொல்வது வழக்கம்தான், நானும் சொல்வேன். ஆனாலும் அன்றைக்கு அந்தச் சொல் காதில் உறுத்தியது.

அவன் நல்லவன். ஒன்றுகூடலுக்கு அதிகமாகப் பணம் போட்டிருப்பவனும் அவன்தான். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன், இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். யாருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே ஒரு மனுஷி காணாமல் போயிருக்கிறார். அதுதான் என்னை உறங்கவிடவில்லை. தலைமையாசிரியர் ஓரத்தில் நின்றிருந்தால் பிரேமைப் பெரிதாக்கியிருப்பார்கள். யாருக்காகப் பிரேம் நகரும், யாருக்காக நகராது என்பதை அந்த விரல் யோசிக்காமலே முடிவு செய்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆயாவின் மகள் அதே வகுப்பு. மூன்றாம் வரிசையில் நிற்கிறார். அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார். அம்மா இல்லாத அந்தப் படத்துக்கு அவர் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தார். வேறொன்றும் எழுதவில்லை.

இப்போது சிலர் கிளம்பி வருவீர்கள் என்று தெரியும். “டீச்சர், அந்தக் காலத்து ஸ்டூடியோவில் மட்டும் திருத்தவில்லையா?” திருத்தினார்கள். நெகட்டிவிலேயே கூர்மையான பென்சிலால் தடவி அம்மைத் தழும்பை மறைத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். இறந்தவர் படத்துக்குத் தலையை மட்டும் எடுத்து, வேறு யாருடைய பட்டுப்புடவையிலோ ஒட்டி மாலை போட்டுத் தருவது இன்றும் நடக்கிறது. என் வீட்டுச் சுவரிலேயே என் அம்மா, உயிரோடு இருந்தபோது ஒருநாளும் கட்டாத மயில்கழுத்துப் பட்டில் இருக்கிறார். நான்தான் காசு கொடுத்துச் செய்தேன். ஆசை, வேறென்ன. ஆனால் அது பூஜைக்கு வைத்த படம். இது நடந்தது என்று சாட்சி சொல்ல வைத்த படம். ரெண்டும் ஒன்றா?

ஆளையே எடுப்பதும் புதிதில்லை. ஸ்டாலினோடு கால்வாய் ஓரத்தில் நடந்துபோகும் படத்திலிருந்து, அவருடைய போலீஸ் தலைவராக இருந்த யெஷோவை எடுத்துவிட்டார்கள். 1940ல் அவரைச் சுட்டுக்கொன்ற பிறகு அவர் நின்ற இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அதைச் செய்ய ஒரு அரசாங்கமும், வண்ணம் ஊதத் தெரிந்த கைதேர்ந்த ஆளும் தேவைப்பட்டார்கள். இன்று ரெண்டு நொடி போதும். நம் வகுப்புப் பையன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து செய்கிறான்.

‘ஸ்கிராப்’ என்றால் என்ன? பழைய இரும்புக் கடைக்காரர் சொல்கிற அதே ஸ்கிராப்தான். துண்டு, மிச்சம், ஒதுக்கி வைத்தது. ஸ்கிராப் புக் என்பது ஓரத்தில் கிடப்பதைப் பொறுக்கி ஒட்டி வைக்கிற புத்தகம். அதில் போய் ஓரத்தில் நின்றவரைத் தூக்கி எறிந்தால் அது என்ன புத்தகம்? ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு இந்த வேலை உண்டு. மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து, விடிய விடிய ஒட்டுவோம். எங்கள் விரிவுரையாளர் அழகுக்கு மதிப்பெண் போடமாட்டார். எதிலிருந்து வெட்டியது, என்ன தேதி, படத்தில் யார் என்று கீழே எழுதாவிட்டால் பூஜ்யம். அந்த வயதில் அவரைத் திட்டியிருக்கிறேன்.

குறை மட்டும் சொல்லிவிட்டு உட்காருவது எனக்குப் பழக்கமில்லை. அந்தப் பக்கத்தை நானே செய்தேன், 9 நாள் ஆனது. மகளின் பழைய மடிக்கணினியில் கிம்ப் என்று ஒரு மென்பொருள், இலவசம். முதல் 2 நாள் லேயர் என்றால் என்னவென்று புரியவே இல்லை. பிறகு பிடிபட்டது. ஓ.ஹெச்.பி.யில் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாடம் நடத்துவோமே, அதுதான் லேயர். பின்னணி ஒரு தாள், படம் ஒரு தாள், எழுத்து ஒரு தாள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடாது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து வேலை செய்யாதீர்கள். அது பெரும்பாலும் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கி வரும், போனில் பளிச்சென்று இருக்கும், அச்சில் குழையும். ஆல்பத்தின் ஒரு பக்கம் 12 அங்குலம் என்றால், அங்குலத்துக்கு 300 வீதம் 3600 பிக்சல் வேண்டும். என்னிடம் இருந்த அசல் பிரதி 8க்கு 6 அங்குலம். கடையில் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொன்னேன், அகலம் 4800 பிக்சல் வந்தது. தாராளம். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொன்னபோது கடைப்பையன் சிரித்தான். பின்பக்கத்தில்தான் அன்றைய தலைமையாசிரியர் பென்சிலால் வகுப்பும் தேதியும் எழுதியிருக்கிறார். என் பக்கத்தில் அதுவும் ஒரு சின்னத் துண்டாக ஒட்டப்பட்டிருக்கிறது.

நானும் திருத்தினேன். மறைக்கவில்லை. நடுவில் ஒரு மடிப்புக் கோடு, இடது பக்கம் பூஞ்சைப் புள்ளிகள். அசல் லேயரைத் தொடாமல் அதற்கு ஒரு பிரதி எடுத்து, அதில் ‘ஹீல்’ கருவியால் புள்ளிகளை எடுத்தேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான்: காகிதத்துக்கு நேர்ந்த சேதத்தைச் சரிசெய்யலாம், கேமராவுக்கு முன்னால் இருந்ததைத் தொடக்கூடாது. ஒருவன் சட்டையில் பொத்தான் இல்லை. அது பூஞ்சை இல்லை, அவன் வீட்டு நிலைமை. அப்படியே இருக்கட்டும்.

நிறத்துக்கு வருகிறேன். பழைய கலர் பிரிண்ட் வருடம் போகப் போகச் சிவப்படிக்கும், சாயங்கள் ஒரே வேகத்தில் வெளிறுவதில்லை. அதைச் சரிசெய்யலாம், சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் எதை அளவுகோலாக வைத்து? முகத்தை வைத்து அல்ல. சீருடைச் சட்டை வெள்ளை, அது நமக்குத் தெரியும். சட்டை வெள்ளையாகும் வரை சரிசெய்துவிட்டு நிறுத்தினேன். முகங்கள் தன்னால் அவரவர் நிறத்துக்கு வந்தன. கறுப்பு, மாநிறம், வெயிலில் காய்ந்த கறுப்பு. வகுப்பில் ‘கறுப்பு நம் நிறம், அதில் வெட்கம் என்ன’ என்று தொண்டை வற்றச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 30 வருடம் கழித்து அதே பிள்ளைகள் தங்கள் பத்து வயது முகத்துக்குத் தாங்களே வெள்ளை அடிக்கிறார்கள். என் பாடம் எங்கே போய் ஒட்டியதோ.

பிரேமுக்குள் படத்தை அடக்க நறுக்கவே வேண்டாம். ‘லேயர் மாஸ்க்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் கறுப்புப் பூசினால் அந்த இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்பி வரும். எதுவும் அழியாது. இத்தனை நல்ல வசதியைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் அழிக்கிறார்கள் என்றுதான் கேட்கிறேன். கடைசியில் அந்த மாஸ்க்கும் எனக்குத் தேவைப்படவில்லை. படத்தை 10 அங்குல அகலத்தில் முழுசாக வைத்தேன், ஆயாவுக்கு வலப்பக்கம் இடம் மிஞ்சியே இருந்தது.

எழுத்துக்கு வருவோம். “தமிழில் போட்டால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போகுது, அதான் இங்கிலீஷ்” என்பார்கள். பழைய மென்பொருள்களில் அந்தத் தொல்லை உண்மையாகவே இருந்தது. சிலவற்றில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேடிப் பிடித்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஆனால் கிம்ப்பில் யூனிகோட் தமிழை அடித்தால் ஒழுங்காக வருகிறது, நானே அடித்தேன். 34 பேரில் 32 பேர் பெயர், ஆசிரியர்கள் பெயர், ஆயாவின் முழுப்பெயர். மகளிடம் கேட்டுத்தான் போட்டேன். அதுவரை எனக்கே அவர் முழுப்பெயர் தெரியாது. 12 வருடம் ஒரே வளாகத்தில் வேலை பார்த்திருக்கிறோம். (பொதுவெளி என்பதால் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. பக்கத்தில் இருக்கிறது.)

அதைச் செய்யும்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். முன்வரிசையில் 5 நாற்காலி. நாலில் நாங்கள். ஐந்தாவதில் விளையாட்டு விழாவில் வாங்கிய கோப்பை, பளபளவென்று நிற்கிறது. ஆயா நின்றபடி இருக்கிறார். கோப்பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு “உட்காருங்க” என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பையன் அழித்தது 2025ல். ஓரத்துக்கு அனுப்பியது 1996ல், நாங்கள். நான் அந்தக் கோப்பைக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்தை மகளுக்குத் தனியாக அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், “டீச்சர், அம்மாவோட போட்டோ எங்க வீட்ல இது ஒண்ணுகூட இல்ல. ரேஷன் கார்டுல இருக்கறதுதான்” என்று எழுதினார். அவர்கள் வீட்டுக்கு ஒரு பிரதியை அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.

பையனும் சம்மதித்துவிட்டான். மலையை எடுத்துவிட்டான். பட்டாம்பூச்சி ஒன்று மட்டும் இருக்கட்டும் டீச்சர் என்றான், இருந்துவிட்டுப் போகட்டும்.

மிச்சம் 20 பக்கத்துக்கு வேலை இருக்கிறது. அந்த வகுப்புப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் இருக்கும் பழைய படங்களை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், சுருங்காமல் வரும். பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும். வெட்டாதீர்கள், ‘பியூட்டி’ போடாதீர்கள்.

ரெண்டு பேர் பெயர் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவது, ரெட்டை ஜடை போட்ட பெண். தரையில் உட்கார்ந்திருப்பவர்களில் கடைசி, நெற்றியில் கட்டுப் போட்ட பையன். அரைப் பரீட்சையோடு ஊரை விட்டுப் போன குடும்பம் என்று ஞாபகம். தெரிந்தவர்கள் கமெண்டில் எழுதவேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.