பூட்டின அறைக்கு முதல் குசினியைப் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில் வீடு திருத்துறது என்றால் எல்லாரிட்டையும் ஒரே பிளான்தான். முற்றத்தை மூடிப் பெரிய ஹோல், வெளிநாட்டில் இருந்து வாற சொந்தக்காரருக்கு பாத்றூமோட ஓர் அறை. நல்லூர்த் திருவிழா 25 நாள். அது முடிஞ்சு அவை பிளேன் ஏறினால் அந்த அறைக்குப் பூட்டு.

பழைய நாற்சார் வீட்டை அப்படியே திருப்பிக் கட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அதிலும் ஆம்பிளைகளுக்கு முன் விறாந்தை, பொம்பிளைகளுக்குப் பின்பக்கம் என்ற பிரிப்பு இருந்தது. ஆனால் நடுமுற்றத்தால் நாலு பக்கமும் வெளிச்சமும் காத்தும் வந்தது. அதை மூடிப்போட்டு இப்ப ஏசி பூட்டுறம்.

குசினி பின்னுக்குப் போனதுக்கு விறகுப் புகையும் ஒரு காரணம். இப்ப காஸ் வந்திட்டுது. எண்டாலும் பல வீடுகளில் குசினி இன்னும் அந்த இருட்டு மூலையிலதான். அம்மாமார் பாதி நாளை அதுக்குள்ள கழிக்கினம்.

மேசனைக் கூப்பிட முதல், வீட்டில் ஆர் எங்க எவ்வளவு நேரம் இருக்கினம் என்று ஒரு கிழமை எழுதிப் பாருங்கோ. கூட நேரம் வேலை செய்யிற ஆளுக்குக் காத்து வாற பக்கத்தைக் குடுங்கோ. பாத்றூமோட இருக்கிற அறை அம்மம்மாவுக்குப் போகட்டும். காசு அனுப்பினவை கோவிப்பினமோ? அவை வரேக்க நாங்கள் ஹோலில் பாய் போட்டுப் படுக்கலாம்.

1990இல் வலிகாமம் வடக்கால் எழும்பின சனத்தில் பலர், காணி விடுபட்ட பிறகு முதலில் இருந்து கட்டினம். குசினி எங்க என்று அந்த வீட்டுப் பொம்பிளைகளிட்டக் கேட்டுப்போட்டுக் கோடு கீறுங்கோ.